மூன்று நாள் சாப்பிடாத மச்சானுக்கு ஒரு கையெழுத்து

என் மகளின் வீட்டுக்கு இன்னும் கூரை இல்லை. சுவர் எழுப்பியாகிவிட்டது, சன்னல் நிலை வைத்தாகிவிட்டது, அண்ணாந்து பார்த்தால் வானம் தெரிகிறது. ஐப்பசி மழை தொடங்கினால் உள்ளே கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும். தெருவால் போகிறவர்கள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன, வேலை அப்படியே நிக்குது?" என்று கேட்கிறார்கள். மழை முடியட்டும், பார்ப்போம் என்று எதையாவது சொல்லி அனுப்புகிறேன். உண்மையைச் சொன்னால் குடும்ப மானம் போய்விடும் என்பது என் மனைவியின் கட்சி. மானம் எனக்கு மட்டும்தானா? அதைக் காப்பாற்றும் பொறுப்பு மற்ற யாருக்கும் கிடையாதா? இரண்டு வருடமாக வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன், இனி முடியாது.

எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுக்காமல் கல்யாணம் நடக்காது. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பான். நானும் அப்படித்தான் என் மனைவியின் வீட்டுக்கு வந்தேன். அதற்கு முன்னால் என் தங்கைக்கு வீடு கட்டவேண்டியிருந்தது. தகப்பன் சுவரோடு ஓய்ந்துவிட்டார், ஓடு போட்டது நான். தபால் கந்தோரில் வேலை கிடைத்த பிறகு முதல் நான்கு வருடச் சம்பளம் அந்தக் கூரையில்தான் கிடக்கிறது. என் கல்யாணத்தைக்கூட அதற்காகத் தள்ளிப் போட்டேன். அதைக் குறையாகச் சொல்லவில்லை. அண்ணன் செய்யவேண்டியதைச் செய்தேன், அவ்வளவுதான்.

இப்போது என் மகளின் முறை. பார்த்திருக்கும் பொடியன் தங்கமான பொடியன். அவனுடைய வீட்டாரும் பிடுங்கித் தின்கிறவர்கள் அல்ல. வீட்டை முடியுங்கள், அடுத்த கிழமையே நாள் வைப்போம் என்றுதான் சொன்னார்கள். இரண்டு தடவை போய்ப் பொறுக்கச் சொன்னேன். மூன்றாவது தடவை போனபோது பொடியனின் தாய் தேத்தண்ணி தந்தார், பிஸ்கட் தந்தார், நாளைப் பற்றி மட்டும் பேசவில்லை. எழும்பி வரும்போது, பொடியனை வேறு இடத்திலும் கேட்கிறார்கள் என்று போகிறபோக்கில் ஒரு வார்த்தை சொன்னார். அன்றைக்கு வீடு வரும்வரை மோட்டார் சைக்கிளை எப்படி ஓட்டினேன் என்று எனக்குத் தெரியாது. என் பிள்ளைக்கு முப்பது நெருங்குகிறது.

நான் தபால்காரன். முப்பத்தைந்து வருடமாகக் கடிதம் கொடுக்கிறேன். முன்பு மணியோடர், வெளிநாட்டுக் கடிதம், பரீட்சைப் பெறுபேறு என்று கொண்டுபோவேன். வீட்டுக்காரர் தண்ணீராவது தருவார்கள். இப்போது யார் கடிதம் எழுதுகிறார்கள்? என் பையில் பாதி, முகவரி தெரிகிற பிளாஸ்ரிக் சன்னல் வைத்த நீள உறைகள். வாகனத்துக்குக் கடன் கொடுக்கிற லீசிங் கம்பனியிலிருந்து பதிவுத் தபால். படலையில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே உள்ளே பெண்களின் முகம் செத்துவிடும். கடன் வாங்கினவருக்கு ஒன்று வரும், பிணைக்கு நின்றவருக்கு ஒன்று வரும். பிணைக்கு நின்றவர்தான் அதிகம் அழுவார். நான் கொப்பியை நீட்டிக் கையெழுத்து வாங்குவேன். வாங்கிவிட்டு சும்மா வரமாட்டேன். "வாசிச்சுப் பாக்காமலா சைன் வெச்சீங்க? படிச்ச ஆக்கள்தானே நீங்க?" என்று ஒரு பிரசங்கம் வேறு செய்துவிட்டு வருவேன். அந்தச் சனங்கள் என் மண்டையில் விறகுக் கட்டையால் போடாமல் விட்டது அவர்களுடைய பெருந்தன்மை.

ஏனென்றால் நானும் வாசிக்காமல்தான் வைத்தேன்.

தங்கையின் புருஷன், என் மச்சான், படுவான்கரை ஆள். வாவிக்கு மேற்கே உன்னிச்சைப் பக்கம் அவர்களுக்கு வயல் இருக்கிறது. வயலில் கால் வைக்க அவருக்கு விருப்பம் இல்லை. பாசிக்குடாக் கடற்கரையில் ஹோட்டல்கள் வந்த பிறகு, வெள்ளைக்காரரை ஏற்றி இறக்க ஒரு வேன் எடுத்தால் ராசா மாதிரி இருக்கலாம் என்று யாரோ அவருக்கு ஓதிவிட்டார்கள். லீசிங் கம்பனி இரண்டு பிணை கேட்டது. இரண்டில் ஒருவராவது அரசாங்க உத்தியோகத்தராக இருக்கவேண்டும். மற்றப் பிணைக்கு அவருடைய சித்தப்பா முறையான ஒருவர், பென்சன் எடுத்தவர், சம்மதித்துவிட்டார். அரசாங்கச் சம்பளத்துக்கு நான் அகப்பட்டேன்.

முதலில் முடியாது என்றுதான் சொன்னேன். இதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். "மச்சான், எனக்கு மகள்ட வீட்டு வேல கிடக்கு. பேங்க்ல லோன் எடுக்கணும். இதுல மாட்ட ஒண்ணா" என்று முகத்துக்கு நேரே சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "சரி மச்சான், பரவால்ல" என்று போய்விட்டார். நல்ல மனுசன், விளங்கிக்கொண்டார் என்று நினைத்தேன். என்னைப் போல ஒரு மடையன்!

அடுத்த நாள் தொடங்கியது கூத்து. மனுசன் வீட்டில் சாப்பிடவில்லை. சண்டை பிடிக்கவில்லை, சத்தம் போடவில்லை, சோறு மட்டும் தொடவில்லை. காலையில் போய்க் கடையில் ரொட்டி தின்றுவிட்டு வந்து முன் விறாந்தையில் படுத்துக்கொள்கிறார். எங்கள் ஊரில் இதற்கு என்ன அர்த்தம் என்று வெளியூர்க்காரருக்கு விளங்காது. பெண் வீட்டில் குடியிருக்கும் மாப்பிள்ளை சோறு வேண்டாம் என்றால், அந்த வீட்டுக்கே அவமானம். இரண்டு நாள் போனால் அக்கம்பக்கம் மணம் பிடிக்கும். ஒரு கிழமை போனால் உடுப்புப் பையைத் தூக்கிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய்விடுவார், பிறகு பெரியவர்கள் போய்க் கையைக் காலைப் பிடித்துக் கூட்டிவரவேண்டும். அந்தக் கூட்டத்தில் குற்றவாளிக் கூண்டில் நிற்பது பெண்ணின் அண்ணன்தான்.

மூன்றாம் நாள் தங்கை கந்தோர் வாசலுக்கே வந்துவிட்டாள். நான் தபால் பிரித்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணா, அவர் மூணு நாளா எங்கட வீட்டுச் சோத்தத் தொடல்ல."

"கடையில தின்னுறார்தானே. சாகமாட்டார்."

"உங்களுக்கு விளையாட்டா இரிக்கு. நேத்து அவங்கட அம்மா போன்ல கோல் எடுத்து, 'எங்கட பிள்ளைக்கு அங்க சோறு இல்லயாம்' எண்டு கேக்கிறா. நான் என்ன சொல்ல? ஒரு சைன்தானே அண்ணா கேட்டார், உங்கட சம்பளத்தயா கேட்டார்?"

அழுதாள். அவள் அழுதால் எனக்குத் தாங்காது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், அவளுக்கும் அது தெரியும். ஒரு சைன்தானே என்ற அந்தச் சொல்லைத்தான் இன்றைக்கும் நினைத்து நினைத்துப் பல்லைக் கடிக்கிறேன். அன்றைக்கு இரவு மனைவியிடம் சொன்னபோது, அவள் மீன் வெட்டிய கத்தியைக் கழுவிக்கொண்டே கேட்டாள்: "நீங்களும் இந்த வீட்டுக்கு வந்த மாப்பிள்ளதானே. எப்பயாவது சோறு தின்னாமக் கிடந்து எங்கட அண்ணனுக்கிட்ட சைன் வாங்கியிரிக்கீங்களா?" அவள் சொன்னதைக் கேட்டிருக்கவேண்டும்.

அடுத்த நாளே மச்சானோடு லீசிங் கம்பனிக்குப் போனேன். அங்கே ஒரு பொடியன் கடதாசிக் கட்டை என் முன்னால் வைத்தான். எல்லாம் ஆங்கிலம். கையெழுத்து வைக்கிற இடங்களில் பென்சிலால் புள்ளடி போட்டிருந்தது. ஒரு இடத்தில் விரலை வைத்து, "இதில என்ன எழுதியிரிக்கு தம்பி?" என்று கேட்டேன். அவன் வாய் திறக்க முதல் மச்சான், "மச்சான் என்னில நம்பிக்க இல்லாமக் கேக்கிறார்" என்று அவனைப் பார்த்துச் சிரித்தார். பக்கத்து மேசையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்த வெட்கத்தில் ஒன்பது இடத்தில் கையெழுத்து வைத்தேன். பிறகு ஒருநாள், ஒரு சட்டத்தரணியின் கிளாக்கரைக் கொண்டு வாசிப்பித்தபோதுதான் தெரிந்தது, கடன்காரர் கட்டாவிட்டால் அவரைத் தேடாமலேயே முழுவதையும் என்னிடம் கேட்கலாம் என்று நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்று. அன்று மத்தியானம் மச்சான் தங்கை வீட்டில் மூன்று தரம் சோறு போட்டுத் தின்றாராம். தங்கை சந்தோசமாகக் கோல் எடுத்துச் சொன்னாள்.

ஒரு வருடம் ஒழுங்காகக் கட்டினார், அதை மறைக்கக் கூடாது. வேன் பளபளவென்று நின்றது. முன் கண்ணாடியில் பிள்ளையார், பின்னால் ஆங்கிலத்தில் ஏதோ வரவேற்பு. பிறகு வேனை அவர் ஓட்டவில்லை, மாங்கேணிப் பக்கத்து ஆள் ஒருவரிடம் நாள் வாடகைக்குக் கொடுத்துவிட்டு விறாந்தையில் இருந்தார். வாடகைக் காசு வந்தது, தின்றார்கள். கம்பனிக்குப் போகவில்லை. எனக்கு ஒரு சொல்லுச் சொல்லவில்லை. ஒருநாள் வேனைக் காணவில்லையே என்று கேட்டதற்கு, "கராஜில நிக்குது மச்சான், சின்ன வேல" என்றார். நாலு மாதமாகச் சின்ன வேலை!

கராஜும் இல்லை மண்ணாங்கட்டியும் இல்லை. கம்பனிக்காரர் வேனை நடுத்தெருவில் மறித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அதை எனக்குச் சொன்னது ஒரு பதிவுத் தபால். காலையில் கட்டை அவிழ்த்து, என் பகுதிக் கடிதங்களை ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டு வருகிறேன், சன்னல் வைத்த நீள உறை. யாருடைய வீடு நாசமாகப் போகுதோ என்று நினைத்துக்கொண்டு பெயரைப் பார்த்தால் என் பெயர். உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கந்தோருக்குப் பொறுப்பான போஸ்ட் மிஸ்ட்ரஸ் அதைப் பார்த்துவிட்டார். நல்ல மனுசி. கொப்பியைத் திறந்து என் பக்கம் தள்ளினார். இத்தனை வருடமாக மற்றவர்களிடம் நீட்டின கொப்பியில் அன்றைக்கு நான் கையெழுத்து வைத்தேன். எனக்குப் பிரசங்கம் செய்யத்தான் ஒருவரும் இருக்கவில்லை.

வேனை ஏலத்தில் விற்றும் கடன் தீரவில்லையாம். வட்டி, அதற்கு மேல் வட்டி, வேனைப் பிடித்துக்கொண்டு போன செலவு, வேனை நிறுத்தி வைத்த செலவு! எங்கள் வேனைப் பறித்துக்கொண்டு போய், அதை நிறுத்தி வைத்ததற்கு எங்களிடமே வாடகை. இதெல்லாம் ஒரு நியாயமா என்று கத்தினேன். கவுண்டரில் இருந்த பொடியன், "ஐயா, எக்ரிமென்ட்ல இரிக்கு" என்றான். எழும்பி அவன் கன்னத்தில் ஒன்று விடலாம் போல இருந்தது. ஆனால் அவன் சொன்னது சரி. எக்ரிமென்டில் இருந்தது, கீழே என் கையெழுத்தும் இருந்தது.

கடிதத்தைக் கொண்டுபோய் மச்சானின் கையில் கொடுத்தேன். புரட்டிப் பார்த்தார். "எனக்கும் ஒண்டு வந்திச்சு மச்சான். நான் உடைச்சுப் பாக்கல்ல" என்றார். பாருங்கள்! உடைத்துப் பார்க்கவில்லையாம். கடன் வாங்கினவர் கடிதத்தை உடைக்காமல் அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டு நித்திரை கொள்கிறார். பிணைக்கு நின்றவன் நடுச்சாமத்தில் எழும்பி முற்றத்தில் உலாவுகிறான்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இன்னும் வயிற்றெரிச்சல். அதே வருடம் தங்கையின் மகள் பெரியபிள்ளையானாள். சடங்கு வைத்தார்கள் பாருங்கள், ஊர் இன்னும் பேசுகிறது. மண்டபம், வீடியோ, வானத்தில் பறந்து படம் எடுக்கிற கமரா, பிள்ளைக்கு நாலு உடுப்பு மாற்று. காசு எங்கே இருந்து வந்தது என்று கேட்டால், வயல் விளைந்ததாம். விளைந்த நெல் கம்பனிக்கு ஒரு தவணை கட்டாது, கமராவை மட்டும் வானத்தில் பறக்கவிடும்! நான் போகவில்லை என்று சொல்லவும் வழி இல்லை. தாய்மாமன் தேங்காய் உடைத்து முதல் தண்ணீர் வார்க்காமல் அங்கே ஒரு காரியம் நடக்காது. அந்தப் பிள்ளை என்ன பாவம் செய்தது? போனேன். தாய்மாமன் வெறுங்கையோடு போக முடியாது என்பதால், மகளின் கல்யாணத்துக்கென்று வைத்திருந்த சங்கிலியைக் கொண்டுபோய்ப் போட்டேன். மச்சான் என் தோளில் கை போட்டுக் கமராவுக்குச் சிரித்தார். அந்தப் படம் தங்கை வீட்டுச் சுவரில் கண்ணாடி போட்டுத் தொங்குகிறது. நானும் அதில் சிரித்துக்கொண்டுதான் நிற்கிறேன், வெட்கம் கெட்டவன்.

மகளின் கூரைக்கு வங்கியில் கடன் கேட்டுப் போனபோது என் கடதாசிக் கோவை எல்லாம் சரியாகத்தான் இருந்தது. காணி உறுதி, வரைபடம், சம்பளச் சீட்டு. கடன் பகுதியில் இருந்த பிள்ளை கம்பியூட்டரில் என் அடையாள அட்டை இலக்கத்தை அடித்தாள். முகம் மாறிவிட்டது. எத்தனை படலையில் எத்தனை முகம் மாறப் பார்த்தவன் நான், எனக்குத் தெரியாதா?

"ஐயா, நீங்க எடுத்த கடன் எல்லாம் கிளியர். ஆனா ஒரு லீசிங்குக்கு பிணை நிண்டிரிக்கீங்க. அது கட்டாமக் கிடக்கு. அது தீராம நாங்க ஒண்டும் செய்ய ஏலாது."

"அது நான் எடுத்த கடனில்லயே பிள்ள. நான் அந்த வேன்ல ஒருநாளும் ஏறினதுகூட இல்ல."

"விளங்குது ஐயா. ஆனா பேர் உங்கட பேர்."

அவளைக் குறை சொல்ல முடியாது. கதிரையை விட்டு எழும்பிப் படி வரை வந்து வழியனுப்பினாள். நான்தான் படியில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்தேன்.

மற்றப் பிணைக்கு நின்ற சித்தப்பா பென்சன்காரர் என்று கம்பனி என்னைத்தான் பிடித்தது. இப்போது என் சம்பளத்தில் பாதி மாதாமாதம் அந்தக் கம்பனிக்குப் போகிறது. அவர்கள் வழக்குப் போட்டு மானத்தை வாங்குவதைவிட இது நல்லது என்று நானே பேசி முடித்தேன். அது தீர இன்னும் இரண்டு வருடம் ஆகும். அதுவரை பொடியன் வீட்டார் பொறுக்கமாட்டார்கள். ஒரு வழிதான் மிச்சம். எங்கள் உத்தியோகத்தர் நலன்புரிச் சங்கத்தில் ஒரு கடன் தருவார்கள், கம்பியூட்டர் பார்க்கமாட்டார்கள். மரமும் ஓடும் வாங்கப் போதும். இரண்டு அரசாங்க உத்தியோகத்தர் பிணைக்கு நிற்கவேண்டும். போஸ்ட் மிஸ்ட்ரஸ் நான் கேட்க முதலே கையெழுத்து வைத்துத் தந்தார். இரத்த உறவு கிடையாது, ஊரும் வேறு. மற்றக் கையெழுத்துக்கு யாரை நினைப்பேன்? என் தங்கை இப்போது பிரதேச செயலகத்தில் உத்தியோகத்தர். நியமனம் நிரந்தரமாகி ஒரு வருடம் ஆகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை போனேன். அன்பாகத்தான் கூப்பிட்டாள். நண்டுக் கறி, முருங்கையிலைச் சுண்டல், தேங்காய்ப்பால் ஆணம் என்று சோற்றுக் கோப்பை நிறையப் போட்டாள். நாலு வாய் சாப்பிட்டுவிட்டுப் படிவத்தை எடுத்து மேசையில் வைத்தேன். எல்லாம் தமிழில்தான் இருந்தது. வாசிக்கவும் சொன்னேன். நான் கட்டாவிட்டால் என் சம்பளத்திலேயே வெட்டுவார்கள், உன்னிடம் ஒரு சதமும் வராது என்று விளக்கினேன். அவள் படிவத்தை எடுத்துக்கொண்டு அறைக்குள்ளே போனாள். உள்ளே மச்சான் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். டீவிச் சத்தம் குறைந்தது. குசுகுசுவென்று பேசினார்கள். டீவிச் சத்தம் திரும்பக் கூடியது. அவள் வெளியே வந்து, படிவத்தை மடித்தபடி என் பக்கத்தில் வைத்தாள்.

"அண்ணா, கோவிக்காதீங்க. பிணைக்கு நிக்கிறதெண்டா சரியான கவனமா இருக்கணுமாம். இந்தக் காலத்தில ஆரையும் நம்ப ஒண்ணாதாம். எங்களுக்கும் ஒரு பொம்புளப் பிள்ள இரிக்கெண்டு அவர் சொல்லுறார்."

என்னை நம்ப ஒண்ணாதாம்! யார் சொல்லுகிறார்? அவர் சொல்லுகிறார்! அண்ணாந்து பார்த்தேன். நான் போட்ட ஓடு, ஒன்றுகூடக் கழலவில்லை. பக்கத்துச் சுவரில் நான் சிரித்துக்கொண்டு நிற்கும் படம். "நான் இந்தக் கூரைய உனக்குப் போடக்குள்ள, உன்ன நம்பலாமா எண்டு ஆருக்கிட்டயும் கேக்கல்ல கா" என்றேன். அவள் குனிந்துகொண்டு மேசையைத் துடைத்தாள். நான் எழும்பிக் கை கழுவினேன். கோப்பையில் சோறு அப்படியே கிடந்தது. மச்சான் மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்து வாங்கினதை, நான் ஒரு நேரம் சாப்பிடாமல் எழும்பி வாங்கிவிடலாம் என்று என் புத்திக்குள் ஒரு மூலையில் எண்ணம் இருந்திருக்கவேண்டும். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு கொஞ்சம் தாமதித்தேன்.

தங்கை பின்னால் வந்தாள்.

"அண்ணா, சாப்பிடாமப் போறீங்க. பார்சல் கட்டித் தரவா?"

"கட்டு" என்றேன். எனக்கு வந்த கோபத்தில் வேறு சொல் வரவில்லை. "மூணு கட்டு. எங்கட வீட்டில மூணு பேர். மாசாமாசம் என்ட சம்பளத்தில பாதி உன்ட புருசன்ட கடனுக்குப் போகுது, ஒரு நேரச் சோறாவது என்ட வீட்டுக்குப் போகட்டும்."

உறைக்கும் என்று நினைத்தேன். அவள் உள்ளே போய் உண்மையாகவே மூன்று பார்சல் கட்டிக்கொண்டு வந்தாள். நண்டைப் பங்கிட்டு, ஆணத்தைத் தனியாகப் பையில் ஊற்றி முடிச்சுப் போட்டு, ஒரு குறை இல்லாமல் கட்டியிருந்தாள். மோட்டார் சைக்கிள் கொக்கியில் தானே கொழுவியும் விட்டாள். நான் ஸ்ராட் பண்ணும்போது கிட்ட வந்து சொன்னாள்:

"அண்ணா, மகள்ட கல்யாணத்துக்கு நாள் வெச்சா முதல் எங்களுக்குத்தான் சொல்லணும், என்ன? மற்ற ஆக்கள் சொல்லிக் கேள்விப்பட்டா அவர் கோவிப்பார். மறுகா மூணு நாளைக்குச் சாப்பிடமாட்டார்."